சிலையாக நின்றவர் யார்?

சாதத் ஹசன் மண்டோவை வாசித்தவர்கள் அந்தச் சிறு கதையை எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். 1948இல் வெளியான 'சியா ஹாஷியே' தொகுப்பில் உள்ளது அது. சில வரிகளிலேயே முடிந்துவிடும். பிரிவினைக் கலவரத்தின்போது லாகூரில் ஒரு கும்பல் சர் கங்காராமின் சிலையைத் தாக்குகிறது. கல்லெறிகிறார்கள், முகத்தில் தார் பூசுகிறார்கள். ஒருவன் செருப்பு மாலையோடு சிலையை நெருங்குகிறான். காவலர்கள் சுடுகிறார்கள். குண்டடிபட்டவனைச் சிகிச்சைக்காகத் தூக்கிச் செல்கிறார்கள், சர் கங்காராம் மருத்துவமனைக்கு.

அண்மையில் வகுப்பில் இந்தக் கதையைச் சொல்லி முடித்ததும் மாணவி ஒருத்தி எழுந்து, "அந்தக் கங்காராம் யார், ஐயா?" என்று கேட்டாள். கதையின் அங்கதத்தைப் பல ஆண்டுகளாக விளக்கி வரும் எனக்கு, அந்தக் கேள்விக்கு இரண்டு வாக்கியங்களுக்கு மேல் விடை சொல்ல முடியவில்லை. அந்த வெட்கம் உந்தத் தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

கங்காராம் 1851இல் பஞ்சாபின் மாங்டன்வாலா என்னும் சிற்றூரில் பிறந்தவர். தந்தை காவல்துறையில் சிறு பதவி வகித்தவர். மகன் உதவித்தொகை பெற்று ரூர்க்கி தாமசன் கல்லூரியில் பொறியியல் பயின்று, 1873இல் தேர்ச்சி பெற்று அரசுப் பணியில் சேர்ந்தார். லாகூரில் நிர்வாகப் பொறியாளராக இருந்த ஆண்டுகளில் அவர் பொறுப்பில் எழுந்தவை அந்நகரின் முகத்தையே மாற்றின. தலைமை அஞ்சலகம், அருங்காட்சியகம், எய்ச்சிசன் கல்லூரி, மேயோ கலைப்பள்ளி என்று அப்பட்டியல் நீள்கிறது. 1903இல் பணி ஓய்வு பெற்றார்.

ஓய்வுக்குப் பிறகுதான் அவருடைய வாழ்க்கையின் சுவையான பகுதி தொடங்குகிறது. மாண்ட்கோமரி மாவட்டத்தில் (இன்றைய சாகிவால்) 50,000 ஏக்கர் தரிசு நிலத்தை அரசிடம் குத்தகைக்கு எடுத்தார். கால்வாய் நீர் தானாக ஏறாத மேட்டு நிலம் அது. எந்திரங்களால் நீரை மேலேற்றி மூன்றே ஆண்டுகளில் அதைப் பாசன நிலமாக்கினார். பின்னர் 1925இல் ரேனாலா குர்தில் அமைந்த நீர்மின் நிலையமும் அவர் முயற்சியே. கால்வாய் நீரின் வீழ்ச்சியிலிருந்தே மின்சாரம் எடுத்து, அந்த மின்சாரத்தால் அதே நீரை மேட்டுக்கு இறைப்பது அதன் உத்தி. தம் பெயரால் அமைந்த கங்காபூர் கிராமத்துக்குப் பெரிய எந்திரங்களைக் கொண்டு செல்லத் தொடர்வண்டி நிலையத்திலிருந்து தண்டவாளம் போட்டு, குதிரை இழுக்கும் வண்டியை ஓடவிட்டார். அவர் மறைந்து பல பத்தாண்டுகளுக்குப் பின்னும் ஊர் மக்கள் அதில் பயணம் செய்தார்கள்.

இப்படி ஈட்டிய செல்வத்தை அவர் என்ன செய்தார்? 1921இல் லாகூரில் சாதி மத வேறுபாடின்றி அனைவருக்கும் இலவச மருந்தகம் ஒன்றைத் திறந்தார். அதுவே வளர்ந்து மண்டோவின் கதையில் வரும் மருத்துவமனையாயிற்று. விதவைகளுக்குக் கல்வியும் தொழிற்பயிற்சியும் தர இல்லம் அமைத்தார். அவர்களின் மறுமணத்துக்கு உதவும் சங்கத்தை நிறுவித் தம் பொருளால் தாங்கினார். 1923இல் அறக்கட்டளை ஒன்றை ஏற்படுத்தி இவற்றையெல்லாம் அதன் பொறுப்பில் ஒப்படைத்தார்.

தமிழ் படித்தவனுக்குக் கொடை என்றவுடன் பாரி நினைவுக்கு வருவது இயல்பு. முல்லைக்குத் தேரை விட்டுச் சென்ற அந்த நெகிழ்ச்சியைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அந்த வழியே கங்காராம் சென்றிருந்தால், தேரிலிருந்து இறங்கி, கொடியை அளந்து, பந்தல் ஒன்று போட்டு, வேருக்கு ஒரு வாய்க்காலும் வெட்டியிருப்பார் என்று தோன்றுகிறது. பாடுவதற்கு அதில் ஒன்றுமில்லைதான். ஆனால் அடுத்த ஆண்டு முளைக்கும் கொடியும் அந்தப் பந்தலில் படரும். நம் மரபு கொடுத்தவனின் உள்ளத்தைப் பாடியது. கொடுத்தது நிலைத்து நிற்பதற்கான ஏற்பாட்டை அவ்வளவாகப் பாடவில்லை. வரவு செலவு பார்த்துச் செய்யும் அறத்தை ஒரு படி தாழ்வாக எண்ணும் பழக்கம் நமக்கு அதனால்தான் வந்ததோ என்னவோ. எனக்கு இப்போது அந்த எண்ணம் மாறியிருக்கிறது. கணக்குப் பார்த்துச் செய்யும் அறமும் அன்பின் ஒரு வடிவமே. தான் இல்லாத காலத்திலும் பிறர் பசித்திருப்பார்கள், நோயுறுவார்கள் என்று எண்ணிப் பார்ப்பவனுக்கே அது கைகூடும்.

அவருடைய சமயப் பற்றையும் இந்தக் கோணத்திலிருந்தே பார்க்கிறேன். தம் மரபில் ஊன்றி நின்றவர் அவர். அந்த மரபு விதவைக்கு இழைத்த கொடுமையை மரபுக்குள் நின்றே எதிர்த்தார். வெளியிலிருந்து பழிப்பது எளிது. உற்றார் நடுவில் இருந்துகொண்டு, வாழ்விழந்த பெண்களுக்கு மணமகன் தேடுவது அத்தனை எளிதன்று.

மறுதரப்பையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அவர் ஆங்கில அரசின் ஊழியர். 1903 தில்லி தர்பாரின் பணிகளை மேற்பார்த்தவர். 1922இல் 'சர்' பட்டம் பெற்றவர். அரசின் கால்வாய்க் குடியேற்றத் திட்டங்களால் பஞ்சாபின் வறண்ட வெளிகளில் ஆடுமாடு மேய்த்துத் திரிந்த மக்கள் தங்கள் மேய்ச்சல் நிலங்களை இழந்தார்கள். நாம் 'தரிசு' என்று எழுதும் நிலம் யாரோ ஒருவருக்கு வாழ்வாக இருந்திருக்கிறது. இந்தக் கேள்விகள் அவரைப் புனிதராக்க விடாமல் நம்மைத் தடுக்கின்றன. நல்லதே. அவரை வழிபட வேண்டியதில்லை, அறிந்துகொண்டால் போதும்.

வேளாண்மைக்கான அரச ஆணையத்தின் உறுப்பினராக இருந்தபோதே, 1927 ஜூலையில் இலண்டனில் அவர் காலமானார். அவருடைய சாம்பலில் ஒரு பகுதி கங்கையில் கரைக்கப்பட்டது. மறுபகுதி லாகூருக்கு வந்து ராவிக் கரையருகே சமாதியாயிற்று. இருபது ஆண்டுகளில் அந்த இரண்டு ஆறுகளும் இரண்டு நாடுகளுக்கு உரியவையாகிவிடும் என்று அன்று யார் நினைத்திருப்பார்கள்? 1947இல் குடும்பத்தார் லாகூரை விட்டு வெளியேறினார்கள். இழந்த வீட்டையும் நிலத்தையும் எண்ணி முடங்கிவிடாமல், தில்லியில் அதே பெயரில் மருத்துவமனை ஒன்றை உருவாக்கினார்கள். 1951இல் அடிக்கல் நாட்டிய நேருவே 1954இல் அதைத் திறந்து வைத்தார். தந்தை பிள்ளைகளுக்கு விட்டுச் சென்ற சொத்துகளில் எல்லை தாண்டி வந்தது அந்தப் பழக்கம்தான் போலும். 1992இல் அயோத்தி நிகழ்வை அடுத்து எழுந்த கலவரத்தில் லாகூரிலுள்ள சமாதி சேதமடைந்தது, பின்னர் சீரமைக்கப்பட்டது. மருத்துவமனைகள் இரண்டும் இரு நகரங்களிலும் இயங்கி வருகின்றன.

மண்டோவின் கதையை அடுத்த முறை சொல்லும்போது அதை வேறு விதமாகத் தொடங்க எண்ணியிருக்கிறேன். முதலில் மருத்துவமனை எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். சிலையைப் பற்றி அதற்குப் பிறகுதான். அப்போதுதான் கதையின் கடைசி வரி வெறும் அங்கதமாக நின்றுவிடாது. செருப்பு மாலையோடு வந்தவனுக்கும் அங்கே ஒரு படுக்கை இருந்தது. அவன் யாரென்று தெரியாமலேயே ஒரு பொறியாளர் அதை முன்கூட்டிக் கணக்கில் சேர்த்து வைத்திருந்தார்.