அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்

 பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

நம் ஊர்ப் பக்கம் எந்த விபத்து வழக்கின் முதல் தகவல் அறிக்கையைப் பார்த்தாலும் "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து மோதி" என்று ஒரு வரி இருக்கும். ஆமை வேகத்தில் ரிவர்ஸ் எடுத்த லாரிக்கும் அதே வரிதான்! முப்பது வருடம் விடைத்தாள் திருத்தியவன் சொல்கிறேன், எந்தக் கேள்விக்கும் ஒரே பதிலை எழுதுகிற பையனுக்கு மார்க் விழாது. கோர்ட்டிலும் விழுவதில்லை.

லாரி மோதி இறந்த நம் பழைய மாணவன் வழக்கில் ஓட்டுநர் விடுதலையானதும் "ஜட்ஜை வாங்கிட்டாங்க", "ஏழைக்கு ஏது சட்டம்" என்று ஆளாளுக்கு எழுதினீர்கள். அவனுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தவன் நான், எனக்கும் வயிறு எரிகிறது. ஆனால் எழுதியவர்களில் எத்தனை பேர் தீர்ப்பைப் படித்தீர்கள்? நான் படித்தேன். முதல் சாட்சி, சத்தம் கேட்ட பிறகுதான் டீக்கடையை விட்டு வெளியே வந்து பார்த்திருக்கிறார். இரண்டாமவர் "வேகமா வந்துச்சு" என்றார். எவ்வளவு வேகம்? தெரியாது. ரோட்டில் எந்தப் பக்கம்? கவனிக்கவில்லை. மூன்றாமவர் கூண்டில் ஏறி "நான் பார்க்கவே இல்லை" என்று பிறழ் சாட்சியாகிவிட்டார். வரைபடத்தில் ரோட்டின் அகலம் இல்லை, டயர் தடம் இல்லை, மோதிய இடம்கூடச் சரியாக இல்லை. இதை வைத்துக்கொண்டு எந்த நீதிபதி தண்டிப்பார்?

இது புதிதும் அல்ல. கர்நாடகத்தில் லாரி கவிழ்ந்து 15 பேர் இறந்த வழக்கில், 1998-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: 'அதிக வேகம்' என்பது இடத்துக்கு இடம் மாறும் சொல், அதை மட்டும் வைத்துக் குற்றத்தை ஊகிக்க முடியாது என்று. அந்த ஓட்டுநரும் விடுதலைதான். கொடுமையாகத் தோன்றும். ஆனால் நாளைக்கு உங்கள் வண்டியின் குறுக்கே ஒரு குழந்தை ஓடிவந்தால், பெரிய வண்டிக்காரன்தான் குற்றவாளி என்று உங்களை உள்ளே தள்ளலாமா?

"தண்டனையைக் கூட்டு" என்கிறார் என் மைத்துனர். மாப்பிள்ளை, கூட்டியாயிற்று. பழைய 304ஏ பிரிவில் அதிகபட்சம் 2 ஆண்டு. 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 106-ஆம் பிரிவில் 5 ஆண்டு. நிரூபிக்க முடியாத வழக்கில் ஐந்து என்ன, ஐம்பது என்ன?

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். இழப்பீட்டு வழக்கு வேறு. அங்கே எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தால் போதும். கிரிமினல் கோர்ட்டில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். ஓட்டுநர் விடுதலையானார் என்பதற்காக இழப்பீடு தானாகப் போய்விடாது. இதை அவன் அப்பாவிடம் சொன்னபோது அவருக்கு நம்பிக்கையே வரவில்லை. ஒரு வருடமாக யாருமே அவரிடம் சொல்லவில்லையாம்.

இனி, பார்த்தவர்கள். விபத்தானதும் செல்போனில் ரத்தத்தைப் படம் பிடிக்கிறீர்களே, வண்டி நின்ற இடத்தை, டயர் தடத்தை, சிக்னலை எடுங்கள். ஓட்டியவர் முகத்தைப் பாருங்கள், ஓட்டியது அவர்தானா என்பதிலேயே பல வழக்குகள் விழுகின்றன. சைடு மாறி வந்தாரா, வளைவில் முந்தினாரா, சிவப்பில் பாய்ந்தாரா? அதைச் சொன்னால் அது சாட்சியம். "வேகமா வந்தான்" என்பது திண்ணைப் பேச்சு. வம்பு வருமே என்று பயப்படுகிறவர்களுக்கு: நல்லெண்ணத்தோடு அடிபட்டவருக்கு உதவியவர் மீது அதற்காக வழக்குப் போட முடியாதபடி 2019-லேயே மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள்.

காவல்துறையில் இருக்கும் என் மாணவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கோபித்தாலும் பரவாயில்லை. ஜீப்பில் ஒரு அளவு நாடா வையுங்கள். பக்கத்துக் கடை சிசிடிவி பதிவை அழிவதற்குள் வாங்குங்கள், சாட்சியச் சட்டம் கேட்கிற சான்றிதழையும் சேர்த்து வாங்குங்கள். அந்தப் பழைய வரியை எழுதுவதற்கு முன், என்ன அஜாக்கிரதை என்று அடுத்த வரியில் எழுத உங்களிடம் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.