கன்றுக்கு மண் உண்டு, வளர்த்தவனுக்கு?

கண்டிப் பக்கம் செல்லும்போதெல்லாம் தேயிலை நாற்றுமேடை ஒன்றைக் கண்டால் சற்று நின்று பார்ப்பது என் வழக்கம். தாய்ச்செடியிலிருந்து வெட்டிய ஓர் இலைத் தண்டு, பொலித்தீன் பையில் வேர்விட்டு நடுவதற்கேற்ற கன்றாக ஏறத்தாழ ஓராண்டு செல்லும். நீர் மிகுந்தால் வேர் அழுகும். குறைந்தால் இலை வாடும். தொடக்கத்தில் நிழல் வேண்டும். பின்னர் அந்நிழலைச் சிறிது சிறிதாக விலக்கி, வெயிலுக்குப் பழக்க வேண்டும். அவசரப்பட்டால் கன்று கருகிவிடும்.

இந்தப் பொறுமையைத் தலைமுறைகளாகக் காத்து வருபவர்கள் நம் மலையகத் தமிழர். 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரின் பெயரை வரலாறு அறியும். அந்தக் கன்றுகளைப் பேணிய கைகளின் பெயர்களை அது அறியாது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களின் வழிவந்தோரை நாடற்றவர்களாக்கியது. எஞ்சியோருக்குக் குடியுரிமை கிடைக்க 2003 வரை காத்திருக்க நேர்ந்தது.

குடியுரிமை வந்தது, காணி வந்ததா? லயன் அறைகளில் இன்றும் பல குடும்பங்கள் வாழ்கின்றன. ஏழு பேர்ச், பத்துப் பேர்ச் என்று அரசுகள் பேசுகின்றன. ஒரு பேர்ச் என்பது 272 சதுர அடிதான். அதற்கும் உறுதிப்பத்திரம் கையில் வராத குடும்பங்கள் எத்தனை!

வேரூன்ற மண் வேண்டுமென்பதைத் தேயிலைக் கன்றுக்கு ஒப்புக்கொள்ளும் நாம், அதை வளர்த்தவனுக்கு மட்டும் ஏன் மறுக்கிறோம்? வீடு கட்டிக் கொடுப்பது நிழல். காணி உறுதியே மண். அதை முதலில் கொடுங்கள்.