பொருந்தினால் மட்டும் போதுமா?

பெங்களூரில் பழைய காரை வீட்டு மூத்தவரைப்போல் வைத்துக் காப்பாற்றும் தமிழ்க் குடும்பங்கள் இன்றும் உண்டு. அப்பா ஓட்டிய அம்பாசிடர், மாமனார் விட்டுச்சென்ற பத்மினி, சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குடும்பக் கதை இருக்கும். அந்த அன்பைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால், உதிரிச் சாமான் தேடி ஜே.சி. ரோட்டுக்கும் சிவாஜி நகருக்கும் போகும்போது காதில் விழும் ஒரு வார்த்தை எனக்கு அச்சம் தருகிறது. "இது வேற மாடலோடது சார், ஆனா கரெக்டா உட்காரும்" என்பதே அந்த வார்த்தை.

கதவுப் பிடிக்கும் விளக்கு வளையத்துக்கும் இது போதும். பிரேக்குக்குப் போதாது என்பது என் உறுதியான கருத்து.

அம்பாசிடரையே எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடியொற்றி 1950களின் இறுதியில் பிறந்த இந்த வண்டி, 2014ஆம் ஆண்டு உற்பத்தி நிற்கும் வரை தோற்றத்தில் பெரிதாக மாறவில்லை. அதனால் எல்லா அம்பாசிடரும் ஒன்றே என்று நினைக்கத் தோன்றும். உள்ளே கதை வேறு. 1489 சி.சி. இன்ஜின் இருந்த இடத்துக்கு 1990களில் ஜப்பானிய இசுசு இன்ஜின் வந்தது. நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக் கொண்டிருந்த வண்டிக்குப் பிற்காலத்தில் முன்பக்கம் டிஸ்க் பிரேக்கும் வந்தது. பெயர் ஒன்று, தலைமுறை வேறு.

சின்னக் கணக்கு ஒன்று. முக்கால் அங்குல வீல் சிலிண்டர் இருந்த இடத்தில் ஏழெட்டு அங்குலம், அதாவது எட்டில் ஏழு பங்கு அங்குலச் சிலிண்டரை மாட்டினால், கண்ணுக்கு வித்தியாசம் அதிகம் தெரியாது. ஆனால் பிஸ்டனின் பரப்பு 36 சதவீதம் கூடிவிடும். ஷூவைத் தள்ளும் விசையும் அவ்வளவு கூடும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி பக்கவாட்டில் இழுக்கும். பின் சக்கரங்களுக்கு மட்டும் மாற்றினால் முன்சக்கரத்துக்கு முன்பே அவை இறுகி, மழை நாளில் வண்டியைச் சுழற்றிவிடும்.

மரையும் அப்படித்தான். இங்கிலாந்து வழி வந்த வண்டிகளில் அங்குல மரை. இத்தாலிய, ஜப்பானிய வழி வந்தவற்றில் மில்லிமீட்டர் மரை. 10 மில்லிமீட்டர் துளைக்குள் முக்கால் பாதி அங்குல, அதாவது எட்டில் மூன்று பங்கு அங்குல நட்டு ஓரளவு ஏறவும் செய்யும். கையால் முடுக்கும்போது பிடித்ததுபோல் இருக்கும். அவசரத்தில் மிதியை ஓங்கி மிதிக்கும்போதுதான் அதன் உண்மையான பலம் தெரியும்.

டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க் போடுவது இப்போது பலருக்கு ஆசை. டிரம் சுழலும்போது ஷூவைத் தன்னோடு இழுத்து அழுத்தத்தைக் கூட்டிக்கொள்ளும். டிஸ்க்கில் அந்த உதவி இல்லை, பூஸ்டர் தேவைப்படும். மேலும், டிரம்முக்கான பழைய மாஸ்டர் சிலிண்டர்கள் பலவற்றில், மிதியை விட்ட பிறகும் குழாயில் சிறிது அழுத்தத்தை நிறுத்திவைக்கும் வால்வு உண்டு. அதையே டிஸ்க்கோடு இணைத்தால், பேட் ஓயாமல் உரசிச் சூடேறும்.

இதெல்லாம் நகரத்துக்குள் தெரியாமலே போகலாம். பொங்கலுக்கு ஊர் போகும் நம்மவர்கள் தர்மபுரி தாண்டித் தொப்பூர் கணவாயில் இறங்கவேண்டும். சத்தியமங்கலம் போவோர் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் கடக்கவேண்டும். டாட் 3 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கையில் 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு சுமார் 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. ஏற்கெனவே உரசிச் சூடான பிரேக்கோடு அந்த இறக்கத்தில் இறங்குவது எத்தகைய ஆபத்து!

"அசல் சாமான் எங்கே கிடைக்கிறது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். பத்மினி நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஹெரால்டு அதற்கும் வெகு முன்னால். ஆனால் வழி இல்லாமல் இல்லை. பழைய சிலிண்டரைத் தூக்கி எறியாமல், நல்ல லேத் பட்டறையில் துளைக்குள் ஸ்லீவ் போட்டு மூல அளவுக்கே கொண்டுவரலாம். வேறு மாடல் சாமான்தான் என்றால், ஒன்றிரண்டைப் பொறுக்காமல், இடமும் வலமும் ஒரே அளவாக, மாஸ்டர் சிலிண்டரோடு ஒத்துப்போகும் முழு செட்டாக மாற்றவேண்டும். மாற்றியதை ஒரு நோட்டில் எழுதிவைக்கவேண்டும். நாளை வண்டியைத் தொடப்போகும் மெக்கானிக்குக்கு அந்த நோட்டுதான் வழிகாட்டி.

எது எதற்குச் சேரும், எது சேராது என்பதை விரல் நுனியில் வைத்திருக்கும் மூத்த மெக்கானிக்குகள் இந்த நகரில் இருக்கிறார்கள். அவர்களில் நம் தமிழர்களும் உண்டு. அவர்கள் அறிவு எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. பிள்ளைகள் பலரும் அந்தத் தொழிலுக்கு வரவுமில்லை. நம் சங்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களை அழைத்து, சொல்வதைக் கேட்டுத் தமிழில் ஒரு சிறு கையேடாகப் பதிப்பித்தால் என்ன? பழைய கார்களைப் போற்றும் நாம், அவற்றை ஓடவைத்த கைகளையும் போற்றினோம் என்றாகும். அந்தக் கார்களில் ஊருக்குப் போகும் நம் குடும்பங்களும் பத்திரமாகத் திரும்பும்.