மறுமொழிக்கு இடம் வேண்டும்

கடல் கடந்து சென்று தம் சமயத்தை எடுத்துரைப்பது கிறித்தவ மரபில் தொன்மையான கடமை. பவுலடிகள் கலம் ஏறிய நாள் தொட்டு அது தொடர்கிறது. இன்று அதன் வடிவம் பெரிதும் மாறிவிட்டது. கோடை விடுமுறையில் ஓரிரு வாரங்களுக்குக் கென்யாவுக்கும் எய்ட்டிக்கும் பிலிப்பைன்சுக்கும் குழுக்கள் புறப்படுகின்றன. பள்ளிச் சுவருக்கு வண்ணம் பூசி, சிறுவர்க்குப் பாடல் கற்பித்து, மொழிபெயர்ப்பாளர் துணையோடு சான்று பகர்ந்து திரும்புகின்றன. சென்றவர்தம் நெஞ்சின் நேர்மையை நாம் ஐயுறவில்லை. ஆயினும், சொன்னவர் வானூர்தி ஏறிய பின், கேட்டவரின் ஐயமும் மறுப்பும் செவிகொடுப்பார் இன்றி நின்றுவிடுகின்றன. இதுவே நம் கவலை.

தரங்கம்பாடி இதற்கு மாறான ஒரு வழியைக் கண்டது. தென்மார்க்கு மன்னர் நான்காம் பிரடெரிக் அனுப்ப, 1706 சூலை 9 அன்று அங்கு வந்திறங்கினார் செருமன் சமயப் பணியாளர் சீகன்பால்கு. ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் இல்லத்திலேயே பள்ளி நடத்தச் செய்து, பிள்ளைகளோடு தாமும் தரையில் அமர்ந்து, மணலில் விரல் வைத்து அகரம் எழுதினார். தமிழ்ச் சுவடிகளைத் தேடித் தொகுத்துப் பட்டியலிட்டார். உலகநீதி, கொன்றைவேந்தன், நீதிவெண்பா ஆகியவற்றைச் செருமன் மொழியில் பெயர்த்தார். இவ்வூர்ச் சமயத்தை அவர் ஏற்றுக்கொண்டார் என்று எவரும் எண்ண வேண்டா. அதனை அஞ்ஞானம் என்றே கடிந்தார். தம் நோக்கத்தை ஒருநாளும் மறைத்தாரும் அல்லர்.

அவ்வாறிருந்தும் அவர் கேட்டார். அவரும் உடன் பணியாற்றியோரும் தமிழரிடம் சமயம், ஒழுக்கம், வாழ்க்கைமுறை பற்றி வினாக்கள் எழுதி விடுத்தனர். 1712 முதல் 1714 வரை வந்த விடைகளைச் செருமன் மொழியில் பெயர்த்து செருமனியின் ஆலே நகருக்கு அனுப்பினர். 99 மடல்கள் அங்கு அச்சேறின. ஐரோப்பியக் கிறித்தவரின் குடிப்பழக்கத்தையும், ஆவைக் கொன்று உண்பதையும், தூய்மையின்மையையும் அம்மடல்கள் கூசாமல் இடித்துரைக்கின்றன. தம்மை அனுப்பியோர் படிக்குமாறு இக்கண்டனங்களையும் எழுதி அனுப்பிய துணிவை நாம் போற்றுகிறோம். அத்துணிவு எங்கும் வரவேற்கப்படவில்லை. தென்னாட்டுத் தெய்வங்களின் வழிமுறை குறித்து 1713-இல் சீகன்பால்கு எழுதிய நூலை, ஆலேயிலிருந்து இப்பணியை வழிநடத்திய பிராங்கே அச்சிட மறுத்தார். சமயப் பணியாளர் சென்றது பிற சமயத்தைக் களைவதற்கேயன்றி, அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்புவதற்கு அன்று என்பது அவர் வாதம். சென்னையில் 1867-இல்தான் அந்நூல் வெளிவந்தது.

செவிகொடாமை எவ்வளவு கொடிய முடிவைத் தரும் என்பதை 2018 நவம்பரில் அந்தமானின் வட சென்டினல் தீவில் கண்டோம். சமயம் உரைக்க அங்கு சென்ற அமெரிக்க இளைஞர் பல்லாண்டு ஆயத்தம் செய்தவர், உயிரையும் பொருட்படுத்தாதவர். அவரது இழப்பு துயரமே. ஆனால் அத்தீவினரின் மொழி வெளியார் எவருக்கும் தெரியாது. வெளியார் கொண்டுவரும் எளிய நோயும் அவர்களை அழித்துவிடக்கூடும். அதனாலேயே 1956 முதல் சட்டம் அவர்களைக் காக்கிறது. அவர்கள் முதலில் எய்த அம்பே அவர்களின் மறுமொழி. அதனை மறுமொழியாக ஏற்காமல் அவர் மீண்டும் கரையேறினார், உயிரிழந்தார். அவரை அழைத்துச் சென்ற மீனவர் சிறை புகுந்தனர்.

சமயம் உரைக்கும் உரிமையை நாம் மறுக்கவில்லை. அவ்வுரிமைக்கு இணையான உரிமை கேட்பவர்க்கும் உண்டு என்கிறோம். உலகத் திருச்சபைகள் மன்றமும், வத்திக்கானின் பல்சமய உரையாடல் அவையும், உலக நற்செய்திக் கூட்டமைப்பும் 2011-இல் இணைந்து வெளியிட்ட நெறிமுறை, வஞ்சகத்தையும் வற்புறுத்தலையும் விலக்குகிறது. வறுமையைப் பயன்படுத்தி மனம் மாற்றுவதையும் கண்டிக்கிறது. பசித்தவன் கையில் உணவுப் பொட்டலத்தோடு துண்டறிக்கையையும் திணித்தால், அவன் எதனை ஏற்றான் என்று யார் அறிவார்?

ஆகவே, குழுக்களை அனுப்பும் திருச்சபைகள், அந்நாட்டுச் சபையின் அழைப்பு இன்றி எவரையும் அனுப்பலாகாது. செல்வோர் அம்மொழியையும் அம்மக்களின் நூல்களையும் இயன்றவரை முன்னரே பயில வேண்டும். அவர்கள் திரும்பி வந்து சபை முன் அளிக்கும் அறிக்கை, எத்தனை பேர் இசைந்தனர் என்ற கணக்கோடு முடிந்துவிடக் கூடாது. இசையாதவர் யாவர், அவர்கள் கூறிய காரணம் யாது என்பதும் அதில் எழுதப்பட்டு, சபையார் அறியப் படிக்கப்பட வேண்டும்.