கள்ள ஓட்டு: திருடு போனது எங்கே, சோதனை நடப்பது எங்கே?

கள்ள ஓட்டை ஒழிக்க எல்லோரும் கிளம்பியிருக்கிறார்கள். 2025 ஜூனில் பீகாரில் 'சிறப்புத் தீவிரத் திருத்தம்' என்று வாக்காளர் பட்டியலைக் கையிலெடுத்தது தேர்தல் ஆணையம். நவம்பரில் அது தமிழ்நாட்டுக்கும் வந்தது. இடையில் ஆகஸ்ட் 7 அன்று, பெங்களூரு மகாதேவபுரா சட்டமன்றத் தொகுதியில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் போலி ஓட்டு என்று ராகுல் காந்தி குற்றஞ்சாட்டினார். கையெழுத்துப் போட்டு உறுதிமொழி கொடு என்றது ஆணையம். ஆளுங்கட்சிக்காரன் 'ஊடுருவல்காரன்' என்கிறான். எதிர்க்கட்சிக்காரன் 'ஓட்டுத் திருட்டு' என்கிறான். டிவியில் ராப்பகலாகச் சண்டை.

இத்தனை கூச்சலிலும் ஒரு சொல் மட்டும் எவன் வாயிலும் வரவில்லை. சேரி.

இந்த விவகாரத்தில் இரண்டு வகை மேதாவிகள் உண்டு. கள்ள ஓட்டு என்பதே கட்டுக்கதை, தோற்றவன் புலம்பல் என்பவன் ஒருவகை. நாடெல்லாம் கள்ள ஓட்டு, அதைப் போடுகிறவன் குடிசையில்தான் இருக்கிறான், குவார்ட்டருக்கும் பிரியாணிக்கும் ஜனநாயகத்தை விற்கிறான் என்பவன் இன்னொரு வகை. முதலாமவன் ஒருநாளும் சேரிக்காரனோடு ஓட்டு வரிசையில் நின்றதில்லை. இரண்டாமவன் திருடு கொடுத்தவன் வீட்டிலேயே வந்து சோதனை போடுகிறான்.

தோழர்களே, கள்ள ஓட்டு உண்டு. அது நம்மீது நடந்த குற்றம். "ஏ கெழவி, ஒன் ஓட்டு உழுந்துடுச்சு, வூட்டுக்குப் போ" என்று நம் பாட்டிகளைத் திருப்பி அனுப்பியது யார்? சேரி ஜனம் சாவடிக்கு வந்து சேர்வதற்குள் சேரியின் ஓட்டு முழுவதையும் குத்தி முடித்தது யார்? அந்தக் கைகளில் ஒன்றாவது குடிசைக்காரனின் கையா?

ரத்தத்தில் எழுதிய கணக்கு

பீகாரிலிருந்தே தொடங்குவோம், பட்டியலைச் சுத்தம் செய்கிற வேலை அங்கேதானே தொடங்கியது. 1989 நாடாளுமன்றத் தேர்தலில், போஜ்பூர் மாவட்டம் தன்வார்-பிஹ்டாவில், இந்திய மக்கள் முன்னணிக்கு ஓட்டுப் போடத் துணிந்த தலித்துகளில் இருபதுக்கும் மேற்பட்டவர்களை நிலவுடைமைச் சாதிக்காரர்கள் கொன்று போட்டார்கள். அதுவரை அந்த ஜனத்தின் ஓட்டு ஆண்டைகளின் ஓட்டாகவே இருந்தது. தன் ஓட்டைத் தானே போட நினைத்ததற்கு விலை உயிர்.

தமிழ்நாடு பெரியார் பூமி, இங்கே அப்படியெல்லாம் இல்லை என்பவர்கள் மேலவளவுக்குப் போய்ப் பார்க்கட்டும். 1996இல் அந்தப் பஞ்சாயத்துத் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. மனு போட்டவர்களை மிரட்டினார்கள், வீடுகள் எரிந்தன, தேர்தல் நின்றது. மறுபடி நடந்தபோது சாவடிக்குள் புகுந்து தேர்தலைக் குலைத்தார்கள். கடைசியில் போலீஸ் காவலோடு நடந்தது, முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று மதுரைக்குப் போய்விட்டுப் பஸ்ஸில் திரும்பியவரையும் அவருடைய தோழர்களையும் வழிமறித்து வெட்டினார்கள். முருகேசன் தலையைத் துண்டித்துக் கிணற்றில் போட்டார்கள்.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல். 1996 தொடங்கி 2006 வரை பத்து வருஷம் இந்த நாலு ஊரிலும் ஒதுக்கப்பட்ட நாற்காலியில் ஒரு தலித் நிலைத்து உட்கார முடியவில்லை. எவனையும் மனு போட விடாமல் செய்வார்கள். மிஞ்சிப்போனால் தாங்களே ஒரு பொம்மையை நிறுத்தி ஜெயிக்க வைத்து, உடனே ராஜினாமா எழுதி வாங்குவார்கள். ஒரு ஊரே சேர்ந்து அரசியல் சட்டத்துக்கு ராஜினாமா எழுதுகிறது! இதற்குப் பெயர் தேர்தல் மோசடி இல்லையென்றால் வேறு எதற்குப் பெயர்?

1999 செப்டம்பரில் சிதம்பரம் தொகுதியில் திருமாவளவன் முதன்முதலாக நின்றபோது, ஊர் ஊராகத் தலித்துகளைச் சாவடிக்குப் போக விடாமல் மறித்தார்கள். சேரிகள் எரிந்தன. அதையும் தாண்டி 2 லட்சத்துக்கு மேல் ஓட்டு விழுந்தது. விழாமல் போன ஓட்டுக்கு யாரிடம் கணக்கு இருக்கிறது? இருபது வருஷம் கழித்து, 2019 ஏப்ரல் 18 அன்று, அதே தொகுதியில் பொன்பரப்பி. ஓட்டுப்பதிவு நாளன்றே சேரி வீடுகளை அடித்து நொறுக்கினார்கள். மறுவாக்குப்பதிவு கேட்டோம், கிடைக்கவில்லை. அந்தத் தேர்தலில் திருமாவளவன் ஜெயித்தது 3,219 ஓட்டு வித்தியாசத்தில். ஒரு சேரியை வீட்டுக்குள் முடக்கினால் என்ன மிச்சம் என்பதை அடித்தவன் நன்றாகக் கணக்குப் போட்டிருந்தான்.

இப்போது ஒரு கேள்வி. 1993இல் டி.என். சேஷன் புகைப்பட அடையாள அட்டைக்கு உத்தரவு போட்டார். அட்டை வந்தால் கள்ள ஓட்டு போய்விடும் என்றார்கள். பொன்பரப்பியில் அடிவாங்கியவர்களிடம் அட்டை இல்லையா? இருந்தது. அட்டை ஆள் மாறாட்டத்தைக் கொஞ்சம் தடுக்கும். அரிவாளைத் தடுக்குமா?

சட்டம் நமக்குக் கொடுத்த உறை

நம் ஓட்டை இன்னொருவன் போட்டுவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். சட்டம் என்ன சொல்கிறது? தேர்தல் நடத்தை விதிகளில் 49பி என்று ஒன்று உண்டு. 2018இல் 'சர்கார்' சினிமா வந்தபிறகு ஊருக்கெல்லாம் தெரிந்த விதி. நீதான் நிஜமான ஆள் என்று அதிகாரிக்குத் தெரிந்தால் உன் கையில் ஒரு ஓட்டுச் சீட்டைக் கொடுப்பார். மெஷின் பக்கம் போகக் கூடாது. சீட்டில் முத்திரை குத்திக் கொடுத்தால் அதை உறையில் போட்டு வைப்பார்கள். எண்ணும் நாளில் அந்த உறையை எண்ணமாட்டார்கள். கோர்ட்டுக்குப் போய், கோர்ட்டு சொன்னால்தான் உண்டு. திருடியவன் ஓட்டு மெஷினில் எண்ணப்படும். திருடு கொடுத்தவன் ஓட்டு உறைக்குள் தூங்கும்!

ஆள் மாறாட்டத்தை அங்கேயே தடுக்கலாமே என்பார்கள். தடுக்கலாம். பூத் ஏஜெண்டு 2 ரூபாய் கட்டி, "இவன் அவன் இல்லை" என்று ஆட்சேபம் சொல்லலாம். ஆனால் ஊர்த்தெருப் பள்ளிக்கூடத்துச் சாவடியில், நம் ஆள் ஏஜெண்டாக உட்கார்ந்து, அந்தி சாயும் வரை ஒவ்வொரு முகமாகப் பார்த்து, கையை நீட்டி ஆட்சேபம் சொல்லிவிட்டு, மறுநாள் அதே தெரு வழியாக வேலைக்குப் போகவேண்டும். 2 ரூபாய் யாரிடமும் இருக்கிறது. மறுநாள் போகிற பாதை யாரிடம் இருக்கிறது?

இதைவிட மோசம் எண்ணிக்கை. ஓட்டு ரகசியம் என்று பள்ளிப் பிள்ளைக்கும் சொல்லித் தருகிறோம். சீட்டுக் காலத்தில் பல சாவடிச் சீட்டுகளைக் கலந்து எண்ண 59ஏ விதி இடம் கொடுத்தது. மெஷின் வந்தபின் ஒவ்வொரு சாவடிக்கும் தனித்தனிக் கணக்கு. படிவம் 20இல் எந்தச் சாவடியில் எவனுக்கு எத்தனை ஓட்டு என்று அச்சாகி வருகிறது. ஒரு சாவடியில் சேரி ஓட்டு மட்டும் இருந்தால், சேரி யாருக்குப் போட்டது என்று ஆண்டை வீட்டுத் திண்ணைக்குச் சாயந்திரமே தெரிந்துவிடும். அப்புறம் என்ன? தண்ணி நிற்கும். அறுப்பு வேலைக்குக் கூப்பிட மாட்டான். 'எங்க ஊருல இருந்துகிட்டு எவனுக்குடா போட்டீங்க' என்று விசாரணை நடக்கும். தனிமனிதனின் ஓட்டு ரகசியம், சேரியின் ஓட்டு அம்பலம்.

பல மெஷின்களின் ஓட்டை ஒன்றாகக் கூட்டிச் சொல்கிற 'டோட்டலைசர்' கருவியைத் தேர்தல் ஆணையமே 2008இல் கேட்டது. சட்ட ஆணையம் 2015இல் தன் 255ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. மத்திய அரசு ஏற்கவில்லை. ஓட்டுத் திருட்டு என்று இன்று மேடையில் முழங்குகிற கட்சிகளில் எது இதற்காக ஒரு நாள் நாடாளுமன்றத்தை முடக்கியது?

அரிவாளுக்குப் பதில் படிவம்

சாவடிக்கு வருகிறவனை மறிப்பது பழைய முறை. பட்டியலிலேயே பெயர் இல்லாமல் செய்துவிட்டால் மறிக்கிற வேலையே மிச்சம். பீகாரில் என்ன செய்தார்கள்? 2003 பட்டியலில் இல்லாதவன் ஆவணம் காட்ட வேண்டும் என்றார்கள். பாஸ்போர்ட்டு, மெட்ரிக் சான்றிதழ், நில ஆவணம் என்று 11 வகை. ஏழையின் கையில் இருக்கிற ஆதாரும் ரேஷன் கார்டும் அதில் இல்லை. ஆணையம் தானே கொடுத்த வாக்காளர் அட்டையும் இல்லை! ஆதாரைச் சேர்க்க உச்சநீதிமன்றம் செப்டம்பரில் சொல்லவேண்டியிருந்தது. ஆகஸ்ட் 1 வரைவுப் பட்டியலில் சுமார் 65 லட்சம் பெயர் இல்லை. யார் யார், ஏன் என்று வெளியிடச் சொல்லவும் அதே நீதிமன்றம்தான் வேண்டியிருந்தது. ஊடுருவல்காரன் என்று அத்தனை சத்தம் போட்டார்களே, நீக்கியதற்கு ஆணையம் சொன்ன காரணங்கள் என்ன? செத்துப்போனவர், இடம்மாறியவர், இரட்டைப் பதிவு. அயல்நாட்டான் என்று ஒரு தலைப்பே அதில் கிடையாது.

தமிழ்நாட்டில் 2025 டிசம்பர் 19 வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கு மேல் பெயர் போனது. செத்தவர் பெயரை எடுக்க வேண்டியதுதான், அதை யாரும் மறுக்கவில்லை. செத்தவன் பெயர் பட்டியலில் இருந்தால் அதை வைத்துப் பிழைக்கிறவனும் ஆதிக்கக்காரன்தான். ஆனால் அந்த 97 லட்சத்தில் பெரும்பங்கு 'இடம்மாறியவர், முகவரியில் இல்லாதவர்'. தமிழ்நாட்டில் முகவரியில் இல்லாதவன் யார்? கரும்பு வெட்டப் போனவன், செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போனவள், திருப்பூருக்குப் போன பிள்ளை. கூவம் கரையிலிருந்து குடிசையைப் பிய்த்து, பெரும்பாக்கத்திலும் கண்ணகி நகரிலும் கொண்டுபோய்க் கொட்டினீர்களே, அந்த ஜனம் தானாகவா இடம்மாறியது? இடத்தை மாற்றியவனே வந்து கதவைத் தட்டி 'ஆள் இல்லை' என்று எழுதிக்கொண்டு போவானாம்!

பணம் வாங்குகிறவன் சேரிக்காரன் என்கிற வசவுக்கும் ஒரு பதில். பணப் பட்டுவாடாவுக்காகத் தமிழ்நாட்டில் ஆணையமே தேர்தலை நிறுத்திய தொகுதிகளைப் பாருங்கள். 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர். 2017இல் ஆர்.கே. நகர். 2019இல் வேலூர். நாலும் பொதுத் தொகுதி. ஒன்றுகூடத் தனித்தொகுதி இல்லை. கொடுத்தவன் எந்தச் சேரியில் இருந்து வந்தான்?

பழைய கடன்

அடியாழத்தில் இன்னொரு திருட்டு இருக்கிறது. 1932 ஆகஸ்டில் தாழ்த்தப்பட்டோருக்குத் தனி வாக்காளர் தொகுதி கிடைத்தது. நம் பிரதிநிதியை நாமே தேர்ந்தெடுக்கும் ஓட்டு ஒன்று, பொதுத் தொகுதியில் ஓட்டு இன்னொன்று. காந்தி எரவாடா சிறையில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம். 71 இடம் 148 ஆனது. இடம் கூடியது, நம் ஆளை நாமே தேர்ந்தெடுக்கும் அதிகாரம் போனது. 1952இல் வடக்கு பம்பாய் தொகுதியில் அம்பேத்கரையே தோற்கடித்தார்கள். ஆளுக்கு இரண்டு ஓட்டு இருந்த அந்த இரட்டைத் தொகுதியில், ஓட்டை வீணாக்கச் சொல்லிப் பிரசாரம் நடந்தது என்று அம்பேத்கரும் அசோக் மேத்தாவும் டாங்கே மீது தேர்தல் வழக்கே போட்டார்கள். இன்றைக்கும் தனித்தொகுதியில் யார் ஜெயிப்பது என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் நம் ஓட்டு அல்ல. ஓட்டுத் திருட்டைப் பற்றிப் பேசும் காங்கிரஸ்காரன் 1932இலிருந்து பேச்சைத் தொடங்கட்டும், கேட்கிறோம்.

ஆகவே கள்ள ஓட்டை ஒழிக்கப் போகிறோம் என்று எவன் வந்தாலும் அவனிடம் நாலு கேள்வி கேட்போம். சேரிக்குள் சாவடி வைப்பாயா? சாவடி சாவடியாக எண்ணாமல் கலந்து எண்ணுவாயா? பெயரை நீக்குமுன் நிரூபிக்கிற பொறுப்பை அரசாங்கத்தின் தலையில் வைப்பாயா? தலித்தை ஓட்டுப் போடவிடாமல் தடுத்தாலும், இன்னாருக்குப் போடு என்று மிரட்டினாலும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் ஐந்து வருஷம் வரை சிறை என்று இருக்கிறதே, அதில் வழக்குப் போடுவாயா?

நாலுக்கும் 'ஆமாம்' என்கிறவன் நம்மோடு வரட்டும். மழுப்புகிறவன் தேடுவது திருடனை அல்ல, நம் பெயரைத்தான்.

அதுவரைக்கும் நம் வேலையை நாம் பார்ப்போம். ஒவ்வொரு சேரியிலும் எழுதப்படிக்கத் தெரிந்த பிள்ளைகள் பட்டியலை எடுத்து வீடு வீடாகச் சரிபார்க்கட்டும். வெளியூர் போனவன் பெயருக்கு ஊரில் இருக்கிறவன் நின்று வாதாடட்டும். விட்டுப்போன பெயருக்குப் படிவம் 6 எழுதட்டும். நம் பாட்டனுக்கு இல்லாமலிருந்த ஓட்டு இது. எவனும் பிச்சை போட்டதில்லை. ஒரு பெயரைக்கூட விடக்கூடாது.