உருகாத பனிக்கட்டி

தை, மாசி மாதங்களிலே, முகிலற்ற இரவு கழிந்த விடியற்காலையில், நுவரெலியாப் பகுதித் தோட்டங்களில் தேயிலைக் கொழுந்தின்மேல் வெண்துகள் படிந்திருப்பதை மலைநாட்டு மக்கள் நன்கறிவர். வெயில் ஏறியதும் கொழுந்து கருகிவிடும். அத்துகள் வானிலிருந்து விழுந்ததன்று. காற்றிலிருந்த நீராவி, நீராகும் இடைநிலையைத் தாண்டி, நேரே பனியாகப் படிந்ததே பெரும்பாலும் அது.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியை நம் பூசையறையிலே காணலாம். திறந்து வைத்த கர்ப்பூரம் உருகி ஓடுவதில்லை. ஆயினும் நாளடைவில் சிறுத்து மறைகிறது. அதனாலன்றோ நம் பாட்டிமார் சிமிழில் நாலு மிளகையும் இட்டு இறுக மூடி வைத்தனர்! திண்பொருள் திரவமாகாமல் நேரே ஆவியாவதைப் பதங்கமாதல் என்பர் விஞ்ஞானிகள்.

இப்பண்பினைச் சிறப்பாகக் காட்டும் பொருள் உலர்பனிக்கட்டி. பெயர்தான் பனிக்கட்டி, அதில் ஒரு துளி நீரும் இல்லை. நாம் வெளிவிடும் மூச்சிலும் சோடாப் போத்தலின் குமிழியிலும் உள்ள காபனீரொட்சைட்டு வாயு உறைந்து கட்டியானதே அது. நீர் உறைவது 0 பாகை செல்சியசில். இதன் குளிரோ 0 பாகைக்குக் கீழே 78.5 பாகை. அதனினும் வெப்பம் மிகுந்த இடத்தில் வைத்தால், தட்டை நனைக்காமலே வாயுவாகிக் கலைந்துவிடும்.

ஏன் உருகுவதில்லை? விடை காற்றின் அமுக்கத்தில் இருக்கிறது. கொழும்பில் 100 பாகையில் கொதிக்கும் நீர், உயர்ந்த நுவரெலியாவில் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. மேலிருந்து அழுத்தும் காற்றுக் குறைந்தால், திரவம் திரவமாக நிற்பது கடினம். காபனீரொட்சைட்டு திரவமாக நிற்பதற்கோ, நம்மைச் சூழ்ந்த காற்றின் அமுக்கத்தைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல் வேண்டும். அவ்வளவு அமுக்கம் திறந்த வெளியில் இல்லை. ஆனால் அலுவலகச் சுவரில் தொங்கும் காபனீரொட்சைட்டுத் தீயணைப்புக் கலத்தினுள் உண்டு. ஆகவே அங்கே அது திரவமாகவே இருக்கிறது.

அக்கலத்தைத் திறந்தால் வாயில் வெண்பனி பறப்பதைக் காணலாம். உலர்பனிக்கட்டி பிறக்கும் முறையும் இதுவே. அமுக்கிக் குளிரவைத்துத் திரவமாக்கிய காபனீரொட்சைட்டைச் சிறு துளை வழியே வெளிவிட்டால், ஒரு பகுதி விரைந்து ஆவியாகும். ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை எஞ்சிய பகுதியிலிருந்து அது கவர்ந்துகொள்ள, அப்பகுதி வெண்பனியாக உறைகிறது. அதனை அழுத்திக் கட்டியாக்குகின்றனர். 1835ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டவரான திலோரியே என்பார், திரவக் கலத்தைத் திறந்தபோது இப்பனியைக் கண்டு உலகுக்கு அறிவித்தார்.

இதன் பயனோ பெரிது. 2021 ஜூலையில் இலங்கைக்கு முதன்முறையாக வந்த பைசர் தடுப்பு மருந்து, 0 பாகைக்குக் கீழே 70 பாகை அளவிலான கடுங்குளிரில் காக்க வேண்டியது. அம்மருந்தைத் தொலைதூரம் அனுப்புவதற்கு அமைத்த பெட்டிகளில் உலர்பனிக்கட்டியே நிரப்பப்பட்டது. உருகி ஒழுகாமையால் பெட்டிக்குள் ஈரமும் இல்லை.

இனி, குடும்பத்தார் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய செய்தி. திருமண மண்டபங்களில் மணமக்கள் முகில்மேல் நடந்து வருவதுபோலப் புகை எழுப்புகிறார்கள். உலர்பனிக்கட்டியைச் சுடுநீரில் இட்டு எழுப்பினால், அவ்வெண்புகை வெறும் நீர்த்திவலைகளே. ஆபத்தான வாயு கண்ணுக்குத் தெரியாது. ஒரு கிலோகிராம் கட்டி 500 லீற்றருக்கும் மேற்பட்ட வாயுவாகிறது. அது காற்றைப்போல் ஒன்றரை மடங்கு கனமுடையதாதலால், தரையையொட்டித் தங்கும். தவழும் குழந்தை மூச்சு வாங்குவதும் அங்கேதான். 2020 பெப்ரவரியில் மாஸ்கோ நகரில், விருந்தொன்றிலே உள்ளரங்க நீச்சற்குளத்தில் இக்கட்டிகளைக் கொட்டியதால் மூவர் உயிரிழந்தனர். 2024 மார்ச்சில் இந்தியாவின் குருகிராம் நகர உணவகமொன்றில், வாய்க்கு மணமூட்டும் பொருளென்று கொடுத்த உலர்பனிக்கட்டியை வாயிலிட்ட ஐவர் இரத்த வாந்தி எடுத்து மருத்துவமனை சென்றனர். அத்தகைய குளிர் தசையை நெருப்பைப்போலவே சுட்டுவிடும்.

ஆகவே அதனை வெறுங்கையால் தொடலாகாது, உண்ணலாகாது. இறுக மூடிய போத்தலில் அடைத்தால், பெருகும் வாயு போத்தலை வெடிக்கச் செய்யும். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியும் அதற்கு மிகச் சூடான இடமே; அங்கேயும் அது வாயுவாகிக்கொண்டேயிருக்கும். கண்ணாடி ஏற்றிய காரில் அதனைக் கொண்டுசெல்வதும் தகாது. எஞ்சியதைப் பிள்ளைகள் எட்டாத திறந்த வெளியில் வைத்தால் தானே மறைந்துவிடும். மண்டபத்திலே புகை கலைந்துவிட்டதென்று உடனே கதவுகளைச் சாத்திவிடாதீர்கள். புகை போன பின்னரும் வாயு அங்கே தங்கியிருக்கக்கூடும்.