கிணற்றுக் கட்டும் தண்ணீரும்

சாட்டியில் ஒரு கிணற்றின் தகுதியை அதன் கட்டைக் கொண்டு எவரும் தீர்மானிப்பதில்லை. நீரை அள்ளி ஒரு மிடறு பருகிப் பார்ப்பார்கள். கடல் சூழ்ந்த வேலணைத் தீவில் நிலத்தடியில் தங்கும் மழைநீரே நன்னீர். அளவின்றி இறைத்தால் அடியிலுள்ள உவர் மேலெழும். இதனை நன்கறிந்த நாம், நம் பாடசாலைகளை மட்டும் கட்டைப் பார்த்தே மதிக்கின்றோமோ என்னும் ஐயம் எனக்கு நெடுநாளாக உண்டு.

அண்மையில் தீவகத்துப் பாடசாலையொன்றின் அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் அமர்ந்திருந்தேன். மதில், தண்ணீர்த் தொட்டி, பரிசளிப்பு விழா ஆகியன பற்றி இரண்டு மணி நேரம் பேசினோம். இறுதியில் பின்வரிசைத் தாயொருவர் எழுந்து, "நாலாம் வகுப்புப் படிக்கிற என்ரை மகன் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறான். அதைப் பற்றியும் கதைப்பீங்களோ?" என்றார். நேரமாகிவிட்டதென்று கூட்டம் கலைந்தது. அன்று நானும் வாய் திறவாதிருந்தேன் என்பதை மறைப்பதற்கில்லை.

பாடசாலையை நடத்தும் சபை நமக்குப் புதியதன்று. 1923இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கம், 'இந்து போட்' என்னும் பெயரால் வழங்கி, சு. இராசரத்தினம் அவர்களின் அயரா உழைப்பால் பல ஊர்களில் பாடசாலைகளை நடத்தியது. ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையும் கண்டது. கிறித்தவ சபைகளின் பணி அதற்கும் முந்தியது. ஆயினும் முகாமையாளர் ஆட்சிக்கு மறுபக்கமும் உண்டு. தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகளுக்குப் பல பாடசாலைகளின் கதவு அடைபட்டிருந்தது; திறந்த இடத்தும் சமஆசனத்துக்காக வாதாட வேண்டியிருந்தது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் அரசினர் உதவி பெறும் பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றைப் பொறுப்பேற்றனர். பாடசாலை பொதுச்சொத்தானது நன்மையே. ஆனால், அதன் கல்விக்கு நாமும் பொறுப்பாளர் என்னும் எண்ணம் ஊரை விட்டு மெல்ல அகன்றது.

1993ஆம் ஆண்டின் பாடசாலை அபிவிருத்திச் சபைச் சட்டம் பெற்றோரையும் பழைய மாணவரையும் அதிபர், ஆசிரியரோடு ஒன்றாக அமர்த்த முயன்றது. 2013இல் தெரிவான வடமாகாண சபையின் காலம் 2018இல் முடிவுற்றபின் பல ஆண்டுகள் தேர்தலின்றியே கழிந்தன. ஆதலின், ஒரு தாய் உரிமையோடு எழுந்து கேட்கத்தக்க இடம் இச்சிறு சங்கமன்றி வேறேது?

"ஆசிரியரை நியமிக்கும் அதிகாரம் நமக்கில்லையே" என்பர். மெய்தான். ஆனால் அதிகாரம் மிக்க சபைகளுக்கும் அதிகாரம் மட்டும் போதவில்லை. அமெரிக்காவின் அயோவா மாநிலப் பாடசாலைச் சபைகளின் சங்கம் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, ஜோர்ஜியா மாநிலத்தில் ஏறக்குறைய ஒத்த நிலையிலுள்ள கல்வி மாவட்டங்களை ஒப்பிட்டது. பிள்ளைகள் முன்னேறிய இடங்களில், எந்தப் பிள்ளையும் கற்கும் என்று சபையினர் நம்பினர்; கல்வி மேம்பாட்டுக்கு என்ன நடக்கிறதென்பதையும் அறிந்திருந்தனர். பின்தங்கிய இடங்களிலோ வறுமையையும் பெற்றோரையும் காரணம் காட்டினர். எது காரணம், எது விளைவு என்று இதனால் முடிவு கட்டிவிட இயலாது. எனினும் நம் முகத்தை நாமே பார்க்க இஃது ஒரு கண்ணாடி.

நம்மிடமும் காரணங்கள் உண்டு. 1990ஆம் ஆண்டுப் போரும் இடப்பெயர்வும் தீவகத்தை வெறுமையாக்கின. ஆசிரியர் பலர் பண்ணைப் பாலம் கடந்து நாள்தோறும் வந்து திரும்புகின்றனர். இவை மெய். பிள்ளைகள் குறைந்த பாடசாலையில் ஒவ்வொரு பிள்ளையின் வாசிப்பையும் கேட்டறிதல் எளிது என்பதும் மெய்யன்றோ?

தவணைக்கு ஒருமுறையேனும் கூட்டத்தின் முதற்பொருள் இதுவாகட்டும்: எத்தனை பிள்ளைகள் தம் வகுப்புப் புத்தகத்தைத் தடையின்றி வாசிக்கின்றனர்? ஏனையோருக்கு யார், என்ன, எப்போது செய்வது? பிள்ளையின் பெயர் கூறி நாணச் செய்ய வேண்டா, தொகை போதும். ஆசிரியரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் வேண்டா. அவருக்கு வேண்டிய உதவியைக் கேட்டறிந்து, அத்தொகையோடு வலயக் கல்விப் பணிமனைக்கு எழுதுவோம்.

அடுத்த கூட்டத்தில் அத்தாயின் கேள்வியை முதலில் நானே எழுப்புவதாக இருக்கிறேன். மதிலைப் பற்றிப் பிறகு பேசலாம்.